தலைக்கு இவ்வளவு

ஈரோட்டிலிருந்து வந்த பையன்
கொட்டேசனை மேசையில் வைத்தான்.
மின்னஞ்சலுக்குத் தலைக்கு இவ்வளவு,
மாதா மாதம்.
பதினெட்டு வருசமாக
அடிக்கு இவ்வளவு என்றே பேசிப் பழகிய
அர்த்தநாரி அண்ணன்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏனுங் தம்பி, நம்மளே ஒரு சர்வர வாங்கி
உள்ள போட்டுக்கிட்டா?"

உள்ளே என்றால்
ஹேமர் பிட்டுகள் அடுக்கிய அறை.
கிரீஸ் வாசம். ஒற்றை டியூப்லைட்.
ஒருநாள் விட்டு ஒருநாள் மூச்சை விடும் யூபிஎஸ்.
எட்டிப் பார்த்துவிட்டு வந்து பையன் சொன்னான்:
போடலாமுங்க, சொந்தக் கிணறு மாதிரி.
தூர் வாரறது உங்க வேலை.
மோட்டார் எரிஞ்சா ராத்திரியில எந்திரிச்சு ஓடறதும் உங்க வேலை.
இது லாரித் தண்ணிங்க,
காசு கட்டற வரைக்கும் வரும்.

திருச்செங்கோட்டில்
மூன்று ரிக் வண்டி ஓட்டுகிறவரிடம்
லாரித் தண்ணி வாங்கச் சொல்கிறான்.
நான் ரசீதுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை.
தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை
விரல் வைத்துப் படித்தார்.
பேக்கப் தனி.
பழைய மெயில்களை இடம் மாற்றித் தருவது தனி.
வரி தனி.
"கேசிங் பைப் தனி, வண்டி வாடகை தனின்னு
நாம போடறாப்பலயே போட்டிருக்கறான் பாரு அம்மிணி."
அந்தச் சிரிப்பில்தான் பேரம் படிந்தது.

அப்புறம் தலை எண்ணினோம்.
ராய்ப்பூர் வண்டியோடு போன சென்னியப்பன்:
அவனுக்கு வாட்சப் போதும்.
ஸ்பேர் பார்ட்ஸ் பொங்கியண்ணன்: வேண்டும்.
அண்ணன் மகன் நவநீத்
கோயமுத்தூரில் படிக்கிறான், ஆபீஸ் பக்கம் வந்ததில்லை:
கட்டாயம் வேண்டுமாம்.
தைமாதம் நின்றுபோன சேல்ஸ்காரர் பெயருக்கு
இன்னமும் விசாரணைகள் வருகின்றன.
ஆளில்லாத தலைக்கும் காசா?
காசில்லாமப் பொதுப்பெட்டி ஆக்கிரலாமுங்க,
ரெண்டு பேர் திறக்கலாம்,
வெளிய ஒரே பேருதான் தெரியும்.

அண்ணன் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார்.
"அப்ப மேல இருக்கறவருக்கு
லைசென்சு ஒண்ணா, ரெண்டா?"
பையனுக்குச் சித்த நேரம் கழித்துப் புரிந்தது.
டீ புரையேறியது.

ஆறு தலை. ஆறு போதும் என்றார்.
பையன் பேனாவை மூடாமல் கேட்டான்:
உங்க பேர்ல எனக்கு வந்த பதிலெல்லாம்
நீங்க எழுதுனதுங்களா?

அண்ணன் என்னைப் பார்த்தார்.
நான் கீபோர்டைப் பார்த்தேன்.

ஒன்பது வருசம்.
டியர் சாரில் தொடங்கி
அவர் பெயரில் முடிந்ததெல்லாம் நான்.
அவர் பெயரில் வருந்தியிருக்கிறேன்,
வராத பாக்கிக்கு மிரட்டியிருக்கிறேன்,
ஒடிசாவில் ராடு விழுந்து செத்துப்போன பையனுக்காக
இன்சூரன்ஸ்காரனோடு பதினோரு கடிதம்
சண்டை போட்டிருக்கிறேன்.
கடவுச்சொல்கூட அவருக்குத் தெரியாது.

ஏழாவது வரியை நானே எழுதினேன்.
ம. தனபாக்கியம், கணக்கு.
யாரும் அடிக்கவில்லை.
"வருசத்துக்குச் சேத்திக் கட்டுனா
ஏழுக்கு எவ்வளவு கொறைப்பே?"
என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்றினான்.
ஊர் முழுக்கப் புது விலாசம் தெரிய
நாற்பத்தெட்டு மணிநேரம் ஆகுமுங்க,
அதுவரைக்கும் சிலது பழசுக்குப் போகும், சிலது இங்க வரும்,
வெசனப்படாதீங்க.

ஞாயிறு. ஆபீசில் நான் மட்டும்.
திரையில் என் பெயர். அதன் கீழே காலி.

அறுநூறு அடி தாண்டியும்
வெறும் புழுதியே கிளம்பும்போது
காட்டுக்காரர்கள் யாரும் உட்கார்வதில்லை.
நாற்காலி போட்டாலும் வேண்டாம் என்பார்கள்.
புழுதியின் நிறத்தைப் பார்த்தபடி
நிற்பார்கள்.